வன்னியில் இருந்து ஒரு வினோத உலக சாதனை: வீண் வேலையா, எதைச் செய்தால் சரிவரும்?

கேள்வி இதுதான்: முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சனசமூக நிலையம், ஆண்டு விழாவுக்கு ஒரு கின்னஸ் சாதனை செய்ய இளைஞர்கள் நிற்கிறார்கள். பெரிய பொங்கல், ஒற்றைக்காலில் நிற்பது, தேங்காய் உரிப்பது என்று மூன்று யோசனை. பெரியவர்கள் வீண் வேலை என்கிறார்கள். எதை எடுப்பது?

தேங்காயை எடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் "வீண்" என்ற பேச்சு.

கின்னஸ் சாதனைப் புத்தகம் பிறந்ததே ஒரு வீண் வாக்குவாதத்தில்தான். 1951இல் அயர்லாந்தில் வேட்டைக்குப் போன இடத்தில், ஐரோப்பாவில் வேகமாகப் பறக்கும் வேட்டைப் பறவை எது என்று கின்னஸ் மதுபான நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஹியூ பீவருக்கு ஒரு கேள்வி வந்தது. பொன்னிற உப்புக்கொத்தி என்ற பறவையா, வேறா? எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. 1955இல் முதல் பதிப்பு வந்தது. தகராறைத் தீர்க்க அளவு வேண்டும், அளவுக்கு விதி வேண்டும். செய்கிற வேலை எவ்வளவு அற்பமாகத் தெரிகிறதோ, விதி அவ்வளவு இறுக்கமாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

ஒற்றைக்கால் நிற்றலில் எங்கள் ஆட்களுக்கு ஒரு வரலாறு உண்டு. பாக்கு நீரிணையை 1971இல் போய்த் திரும்பி 51 மணித்தியாலத்தில் நீந்திய வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன், 33 மணித்தியாலம் ஒற்றைக்காலில் நின்றவர். பிறகு அருளானந்தம் சுரேஷ் யோக்கிம் 1997 மே 22 முதல் 25 வரை கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் நின்றது 76 மணித்தியாலம் 40 நிமிடம். தூக்கிய காலை நின்ற காலில் சாய்க்கக் கூடாது, எதையும் பிடிக்கக் கூடாது. உடம்பு மூன்று நாள் நித்திரையில்லாமல் ஒரு கணுக்காலில் தொங்குகிறது. விழாவுக்குச் செய்கிற வேலையல்ல இது; பல மாதப் பயிற்சியும் பக்கத்தில் வைத்தியரும் இல்லாமல் ஒரு பிள்ளையையும் நிறுத்தாதீர்கள். உடம்பைக் கொடுத்து வாங்கும் சாதனைக்கு விலை அதிகம். புனேயின் ஸ்ரீதர் சில்லால் 1952இல் இடக்கை நகத்தை வெட்டாமல் விட்டார். 2018இல் வெட்டியபோது ஐந்து நகமும் சேர்த்து 909.6 சென்ரிமீற்றர். அந்தக் கை பழையபடி விரியவேயில்லை.

நீண்ட நேரச் சாதனைகளில் இன்னொரு சிக்கல் சாட்சி. ஒரே நேரத்தில் இருவர் இருக்க வேண்டும், முறை ஒன்று நாலு மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது. 24 மணித்தியாலத்துக்குப் 12 பேர். அவர்களில் ஒருவரும் உறவாகவோ நிலைய உறுப்பினராகவோ இருக்கக் கூடாது. ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் மச்சான், மாமா என்றால் எங்கே போவது?

பெரிய பொங்கல் பார்க்க அழகு, ஆனால் கிடாரத்தின் கணக்கு எதிராக நிற்கும். அகலத்தையும் உயரத்தையும் இரட்டித்தால் உள்ளே போவது எட்டு மடங்கு, நெருப்புப் படும் அடி நாலு மடங்குதான். இறுகத் தொடங்கிய பொங்கல் தானாகச் சுழலாது. அடி கருகும், நடு வேகாது. நிறுக்கும் தராசு முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும், வெறுங்கிடாரத்தை முதலே நிறுத்து எழுத வேண்டும், கடைசியில் எல்லாம் சாப்பிட்டு முடிந்ததற்கும் ஆதாரம் வேண்டும்.

இப்போது தேங்காய். பெங்களூரில் 2003இல் ஒருவர் பல்லால் மட்டும் ஒரு தேங்காயை 28.06 செக்கனில் உரித்தார். அந்தப் பதிவில் நேரத்தோடு இன்னும் இரண்டு எண் உண்டு: சுற்றளவு ஏறக்குறைய 78 சென்ரிமீற்றர், நிறை 4.7 கிலோவுக்கு மேல். எங்கள் காய் பொச்சோடு (நார் மட்டையோடு) ஒன்று, ஒன்றரைக் கிலோதான் வரும். உரித்த பிறகு அந்த இரண்டு எண்ணையும் யாராலும் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே காயை முதலே அளந்து, இலக்கம் எழுதி, வீடியோவுக்குக் காட்டி வையுங்கள். பல்லை விடுங்கள், அலவாங்கில் (கூர் மேலே இருக்க நட்ட இரும்புக் கம்பியில்) ஒரு நிமிடத்தில் எத்தனை காய் என்பதுதான் உங்களுக்கு ஏற்றது.

கின்னஸ் இணையத்தளத்தில் முதலில் தேடுங்கள். இந்தச் சாதனைக்கு ஒரு தலைப்பு ஏற்கெனவே இருந்தால் அதன் விதி வரும், அதை எழுத்துக்கு எழுத்து பின்பற்ற வேண்டும். இல்லையென்றால் புதிய தலைப்பாக விண்ணப்பிக்கலாம். பதிலுக்கு மூன்று மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகில் எவரும் திரும்பச் செய்யக்கூடியதா என்று பார்ப்பார்கள். பனங்கிழங்கு கிழிப்பது இதில் அடிபடும், தேங்காய் தப்பும். நடுவர் லண்டனில் இருந்து வர வேண்டியதில்லை. வரவழைத்தால் செலவு பெரிது.

அலவாங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழைக்கிற இடம் அதுதான். முல்லைத்தீவு மணலில் நட்டால் பத்தாவது குத்தில் சாயும். இரண்டடி ஆழத்தில் கொங்கிறீற்றில் இறுக்கி, ஒரு கிழமை விட்டுவிடுங்கள். கூர் முழங்காலுக்குச் சற்று மேல் நிற்கட்டும். காம்புப் பக்கத்துக்குக் கிட்டக் குத்தி, கையை வெளிப்பக்கம் திருப்பினால் பொச்சு கீற்றாக வரும். நடுவில் குத்தினால் கூர் சிரட்டையில் போய் வெடிக்கும். வெடித்த காய் கணக்கில் இல்லை என்பதையும், குடுமி தவிர வேறு நார் இருந்தால் அந்தக் காயும் இல்லை என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். நன்றாகக் காய்ந்த காய் எடுங்கள். பச்சைப் பொச்சு ஈரத்தில் வழுக்கும், கை கூரில் போகும். கை பழகியவர் ஒரு காய்க்கு ஆறு முதல் பத்துச் செக்கன் எடுப்பார், ஆகவே மேலதிகத்தையும் சேர்த்து முயற்சி ஒன்றுக்கு 15 காய், மூன்று முயற்சிக்கு 45. உரித்தவை சமையலுக்குப் போகட்டும்.

நேரம் பார்க்க இரண்டு பேர், இரண்டு நிறுத்து கடிகாரம். எண்ணவும் கையெழுத்திடவும் இரண்டு சாட்சி: பக்கத்து ஊர் அதிபர், சமாதான நீதவான் போன்றவர்கள். வீடியோ வெட்டு ஒட்டு இல்லாமல் தொடக்கச் சத்தத்துக்கு முன்னமே ஓட வேண்டும், கடைசிக் காயை எண்ணி முடியும் வரை ஓட வேண்டும். இரண்டு போன் வையுங்கள்: ஒன்று கையையும் கூரையும் கிட்டவிருந்து, மற்றது முழு இடத்தையும் கடிகாரத்தோடு. கைக்குக் குறுக்கே ஒருவரும் நிற்க விடாதீர்கள். காணாத காய் எண்ணப்படாது.

நாள் தை கடைசி அல்லது மாசியில் வையுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மைக்கில் இரைந்து தொடக்கச் சத்தத்தையே மறைத்துவிடும்.

பதில் வரும் வரை போனிலுள்ள மூல வீடியோவை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி சுருங்கி மங்கிவிடும், அதில் நார் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது.