பழைய ஆம்ப்ளிஃபையர் சேசிஸுக்குப் பெயின்டும் எழுத்தும்: வாசகர் கேள்வி-பதில்

பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர், ரேடியோ, ரெக்கார்டு பிளேயர் ஆகியவற்றின் உலோகச் சேசிஸையும் (பாகங்களைத் தாங்கும் அடிச்சட்டம்) முன்தகட்டையும் புதுப்பிப்பது குறித்துச் சேலம், ஏற்காடு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். மின்சுற்றுப் பழுதுகளைப் பற்றிய கேள்விகளைச் சேர்க்கவில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை எல்லாப் பதில்களுக்கும் பொருந்தும். பிளக்கைக் கழற்றிய பிறகும் வால்வு ஆம்ப்ளிஃபையரின் ஃபில்டர் கண்டென்சர்களில் 300 முதல் 450 வோல்ட் வரை தேங்கி நிற்கக்கூடும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக அதை இறக்கி, மல்டிமீட்டரில் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே சேசிஸில் கை வைக்க வேண்டும்.

கேள்வி: தாத்தா நடத்திய சவுண்ட் சர்வீஸில் ஓடிய வால்வு ஆம்ப்ளிஃபையர் பரணில் கிடைத்தது. சேசிஸ் முழுவதும் துரு ஏறியிருக்கிறது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பெயின்ட் அடித்துவிடலாமா? (செவ்வாய்ப்பேட்டை வாசகர்)

அவசரப்பட வேண்டாம். துரு என்று நீங்கள் நினைப்பதில் பெரும்பகுதி, பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் கலந்த பழுப்புப் படிவமாக இருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் சில துளி பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து, அதில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் ஒரு மூலையை மட்டும் துடைத்துப் பாருங்கள். அதிலேயே பளபளப்பு தெரிந்தால் அந்தச் சேசிஸுக்குப் பெயின்ட் தேவையில்லை. ஒரு முறை சுரண்டி எறிந்த மூலப் பூச்சை எந்தப் பட்டறையாலும் திருப்பித் தர முடியாது என்பதால், துடைத்தால் போதும் என்ற இடத்தில் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வதே என் கொள்கை.

அடுத்து, சேசிஸ் என்ன உலோகம் என்று பாருங்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். இரும்புச் சேசிஸ்களில் பல, துத்தநாகம் அல்லது கேட்மியம் முலாம் பூசப்பட்டவை. இரண்டில் எது என்று கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்மியத்தின் தூசியும் புகையும் நஞ்சு. ஆகவே மங்கலான வெள்ளி நிறத்திலோ மஞ்சள் சாயலிலோ முலாம் இருந்தால், அதைக் கேட்மியம் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உலர்ந்த உப்புத்தாளால் தேய்ப்பது, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டிச் சுரண்டுவது, கேஸ் டார்ச்சால் சுடுவது ஆகிய மூன்றும் கூடவே கூடாது. பழைய பெயின்டில் ஈயமும் இருக்கலாம் என்பதால், தேய்த்தே ஆக வேண்டிய இடங்களில் வாட்டர் பேப்பரை நீரில் நனைத்து, கையுறையும் முகமூடியும் அணிந்து தேயுங்கள். துடைத்த துணியை வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியே மூடி வையுங்கள்.

உண்மையான துரு குழி விழுந்த இடங்களில் மட்டும், பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைச் சிறு தூரிகையால் தொட்டு வைத்து, டப்பாவில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். வால்வு சாக்கெட்டுகளுக்குள்ளும் டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகளுக்கு இடையிலும் அது இறங்கக் கூடாது. பெயின்ட் அடித்தே தீர வேண்டிய நிலை என்றால், இரும்புக்கு எபாக்சி பிரைமர் அல்லது ரெட் ஆக்சைடு, அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர் (பரப்பை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் வகை) என்று தனித்தனியே வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் ரெட் ஆக்சைடு அடித்தால், சில மாதங்களில் நகத்தால் கீறினாலே தோல் போல உரிந்து வரும்.

கேள்வி: ஏற்காட்டில் வீட்டு வராந்தாவில் வைத்து ரெக்கார்டு பிளேயரின் தகட்டுக்குக் கறுப்பு டூக்கோ ஸ்பிரே செய்தேன். காய்ந்ததும் சாம்பல் பூத்தாற்போல வெளுத்துவிட்டது. பெயின்ட் மட்டமா? (ஏற்காடு வாசகர்)

பெயின்டில் குறை இல்லை, காற்றில்தான் இருக்கிறது. டூக்கோ என்று நாம் சொல்லும் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டில் உள்ள தின்னர் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது தகட்டின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் பூச்சின் மேற்பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் தவழும் உங்கள் ஊர்க் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால், அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் கோத்து, ஈரமாக இருக்கும் பெயின்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. நீர் சேர்ந்த இடத்தில் நைட்ரோசெல்லுலோஸ் கரைசலிலிருந்து பிரிந்து வெண்துகளாக நிற்கிறது. அதுதான் நீங்கள் பார்க்கும் வெளுப்பு.

பெரும்பாலும் இதைச் சுரண்டாமலே சரிசெய்துவிடலாம். வெயில் அடிக்கும் உலர்ந்த நாளாகப் பார்த்து, மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை மட்டும் மெல்லிய படலமாக மேலே ஸ்பிரே செய்யுங்கள். பூச்சு மீண்டும் சற்று இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, கறுப்பு திரும்பி வரும். திரும்பவில்லை என்றால், முழுதும் காய விட்டு, நுண்ணிய வாட்டர் பேப்பரால் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

இனிமேல் அடிக்கும்போது தகட்டின் வெப்பநிலை, காற்றின் பனிநிலைக்கு (காற்றிலுள்ள ஈரம் நீராகக் கோக்கத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலே இருக்கட்டும். ஈரமானியும் வெப்பமானியும் சேர்ந்த சிறு கருவி மலிவாகவே கிடைக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் தெரிந்தால் பனிநிலையை அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். தகட்டை முன்கூட்டியே கைச்சூட்டுக்குச் சற்று மேலாக வெதுவெதுப்பாக்கி வைத்து அடிப்பதும் நல்ல பலன் தரும். இதெல்லாம் தொல்லை என்று தோன்றினால், தகட்டைக் கீழே சேலத்துக்குக் கொண்டுவந்து அடித்துக்கொண்டு போங்கள். நான் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் சேலத்தின் ஏப்ரல், மே மாத நண்பகலில் இதற்கு நேர்மாறான கோளாறு வரும். துளி தகட்டைத் தொடும் முன்பே பாதி காய்ந்துபோய், பூச்சு சொரசொரப்பாகிவிடும். கோடையில் காலை வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும்.

கேள்வி: முன்தகட்டைச் சுத்தம் செய்தபோது "வால்யூம்", "ட்ரெபிள்" போன்ற எழுத்துகள் பாதி அழிந்துவிட்டன. அதேபோல மீண்டும் எழுத வழி உண்டா? (அஸ்தம்பட்டி வாசகர்)

உண்டு. ஆனால் எஞ்சியிருக்கும் பாதிதான் உங்களுடைய ஒரே சான்று என்பதால், இனி அந்தத் தகட்டின் மேல் எந்தத் திரவமும் படக் கூடாது. குமிழ்களைக் கழற்றிவிட்டு, தகட்டை ஸ்கேனரில் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் எஃகு அளவுகோல் ஒன்றையும் வைத்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். மெலிதான புதிய வகை ஸ்கேனர்கள் கண்ணாடியைத் தொடாத பகுதிகளை மங்கலாகக் காட்டும். தகட்டில் மேடு பள்ளம் இருந்தால் பழைய கனமான ஸ்கேனரைத் தேடிப் பிடியுங்கள். அழிந்துபோன எழுத்துகளையும் கைவிட வேண்டாம். இருட்டறையில் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்தால், மை போன இடத்தில் பூச்சு சற்று வேறு நிறத்தில் நிழலாகத் தெரிவது உண்டு. அதையும் படம் எடுத்துவிடுங்கள்.

கணினியில் இந்த எழுத்துகளைத் தயார் எழுத்துருவில் தட்டச்சு செய்து முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்து முன்தகடுகளின் எழுத்துகள் பல, கையால் வரைந்து புகைப்பட முறையில் படியெடுக்கப்பட்டவை. ஓர் எழுத்தின் அகலமும் இரண்டு எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெளியும் மாறினாலே, பழகிய கண்ணுக்கு ஏதோ பொருந்தவில்லை என்று தெரிந்துவிடும். ஸ்கேன் படத்தின் மேலேயே ஒவ்வோர் எழுத்தையும் கோட்டுருவமாக வரைந்து எடுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனாலும் புதுப்பித்த தகட்டை மூலத்தோடு ஒத்துப் பார்க்கும்போது தெரியும் வேறுபாட்டில் பெரும்பகுதி இங்கேதான் தீர்மானமாகிறது.

தகட்டில் ஏற்றுவதற்கு ஸ்கிரீன் பிரிண்டிங்கை நான் முதலிடத்தில் வைப்பேன். மூல எழுத்துகளில் பெரும்பாலானவை அந்த முறையில் அச்சானவையே. கல்யாணப் பத்திரிகை அச்சிடும் பட்டறைகளில் இதைச் செய்து தருவார்கள். அவர்களிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். சென்டிமீட்டருக்கு 100 முதல் 120 இழை உள்ள துணிதான் மெல்லிய கோடுகளைத் தாங்கும். மை, காகிதத்துக்கானதாக இல்லாமல், ஹார்டனர் கலந்து உலோகத்துக்கு அடிக்கும் எபாக்சி மையாக இருக்க வேண்டும். அடியில் இருக்கும் பெயின்ட் டூக்கோவாக இருந்தால், அச்சு சற்றே தள்ளி விழும்போது தின்னரால் துடைக்க முடியாது. எழுத்தோடு பெயின்டும் கரைந்து வரும். எழுத்து ஏற்றப்போகும் தகட்டுக்கு ஹார்டனர் கலந்த பியூ (பாலியூரித்தேன்) பெயின்டை அடித்து நன்றாக இறுகவிட்டால், அச்சு பிசகினாலும் உடனே துடைத்துவிட்டு மறுபடி அடிக்கலாம்.

ஒரே ஒரு தகட்டுக்கு ஸ்கிரீன் செய்வது கட்டுப்படியாகாது என்றால், நீரில் நனைத்து ஒட்டும் டீகால் தாள் உண்டு. வெளிர் நிறத் தகட்டில் கறுப்பு எழுத்துக்கு அது நன்றாகவே பொருந்தும். இன்க்ஜெட்டில் அச்சிட்டால் நீரில் நனைக்கும் முன் கிளியர் லாக்கர் அடிக்க வேண்டும்; இல்லையேல் மை கரைந்துவிடும். கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து என்றால்தான் சிக்கல், ஏனெனில் சாதாரண லேசர் பிரிண்டரில் வெள்ளை டோனர் கிடையாது. சைன்போர்டு நிறுவனங்களில் உள்ள யூவி பிரிண்டரில் வெள்ளை அடிக்கலாம். அந்த எழுத்து சற்றுத் தடித்து மேலெழுந்து நிற்கும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

எழுத்து அச்சாக இல்லாமல் தகட்டில் செதுக்கப்பட்டிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பள்ளத்தில் உள்ள அழுக்கைப் பல்குத்தும் குச்சியால் கிளறி எடுத்து, எனாமல் பெயின்டைப் பள்ளம் நிறைய விடுங்கள். விரலில் லேசாக ஒட்டும் பதம் வந்ததும், பழைய ஏடிஎம் அட்டையின் மேல் நூல் உதிராத துணியை இறுக்கமாகச் சுற்றி, டர்பன்டைனில் தொட்டும் தொடாமலும் நனைத்து, எழுத்தின் கோட்டுக்குக் குறுக்காக ஒரே இழுப்பில் துடையுங்கள். கோட்டின் போக்கிலேயே துடைத்தால் துணி பள்ளத்துக்குள் இறங்கி, விட்ட பெயின்டை வழித்து எடுத்துவிடும். ஒவ்வோர் இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பவுடர் கோட்டிங் செய்தால் என்ன? கேட் அடிக்கும் பட்டறையில் குறைந்த செலவில் செய்து தருகிறார்கள். (கொண்டலாம்பட்டி வாசகர்)

வெறும் தகடாகப் பிரித்துக் கொடுக்க முடிந்தால் தாராளமாகச் செய்யலாம். அதன் அடுப்பு 180 முதல் 200 டிகிரி வரை சூடாகும். டிரான்ஸ்ஃபார்மர், சாக்கெட், ஒயர் எதுவும் தகட்டில் இருக்கக் கூடாது. பூச்சு 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறுவதால் மரைத் துளைகளையும் சாக்கெட் துளைகளின் விளிம்பையும் சூடு தாங்கும் டேப்பாலோ சிலிக்கான் அடைப்பானாலோ மூடச் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமானது எர்த். மூலச் சேசிஸில் கண்டென்சரின் தகரக் கூடு, சாக்கெட்டின் வளையம், எர்த் லக் எல்லாமே உலோகத்தோடு உலோகமாகத் தொட்டுக்கொண்டிருந்தன. இடையில் பெயின்ட் வந்துவிட்டால் ஆம்ப்ளிஃபையர் 'ம்ம்' என்று இரையும். எர்த் இணைப்பு அறுந்தால் ஆளுக்கே ஆபத்து. பிரிப்பதற்கு முன் எந்தெந்த இடம் வெறும் உலோகமாக இருந்தது என்று படம் எடுத்து, அந்த இடங்களை டேப் ஒட்டிக் காப்பாற்றுங்கள். திரும்பக் கோத்த பின் எர்த் பின்னுக்கும் சேசிஸின் ஒவ்வொரு பகுதிக்கும் இடையே மல்டிமீட்டர் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பழைய ஏசி/டிசி ரேடியோக்கள் இந்த விதிக்கு விலக்கு. அவற்றில் சேசிஸே மின்சாரத்தின் ஒரு முனையோடு நேரடியாக இணைந்திருக்கும். அதை எர்த் செய்யவும் கூடாது; வெளியே தெரியும் திருகுகளை மூடியிருந்த மெழுகையும் அடியிலிருந்த அட்டையையும் அழகுக்காக எடுத்துவிடவும் கூடாது. அவை உயிர்காக்கும் காப்புகள்.

கேள்வி: நிக்கல் முலாம் பூசிய டைனாகோ ஸ்டீரியோ 70 வால்வு ஆம்ப்ளிஃபையரின் சேசிஸைக் கொலுசுப் பட்டறையில் கொடுத்து பஃப் (சுழலும் துணிச் சக்கரத்தால் மெருகு) அடிக்கலாமா? உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. (செவ்வாய்ப்பேட்டையிலிருந்து இன்னொரு வாசகர்)

வேண்டாம். வெள்ளிக்கு அடிக்கும் அழுத்தத்தில் பஃப் அடித்தால், மடிப்பு விளிம்புகளில் நிக்கல் தேய்ந்து இரும்பு தெரியும். அடுத்த மழைக்காலத்தில் அங்கேதான் துரு தொடங்கும். 1959 முதல் விற்பனைக்கு வந்த அந்த மாடலில் புள்ளிப் புள்ளியாகத் துரு இருப்பது இயல்பு. உலோக பாலிஷைக் கையால் தேய்த்து, மெழுகு பூசி நிறுத்திக்கொள்ளுங்கள். அது 120 வோல்ட்டுக்கான கருவியாக இருந்தால், பின்பக்கத்தில் பிளக்கின் அருகிலேயே அதைத் தெளிவாக எழுதி ஒட்டிவிடுங்கள். நம் ஊர் 230 வோல்ட்டில் யாராவது தெரியாமல் செருகினால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும்.

கேள்வி: ஹேமர்டோன் (சுத்தியலால் தட்டினாற்போலத் தோற்றம் தரும் பெயின்ட்), சுருக்கப் பெயின்ட் இரண்டையும் வீட்டில் அடிக்க முடியுமா? (சூரமங்கலம் வாசகர்)

முடியும். சுருக்கப் பெயின்டில் மேல்தோல் முதலில் இறுகி, அடி ஈரமாகவே இருப்பதால்தான் சுருக்கம் விழுகிறது. எனவே கனமாக, வெவ்வேறு திசையில், இடைவெளி குறைவாக அடித்து, எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சூடு காட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடு பட்டால் அந்தப் பக்கச் சுருக்கம் வேறாகிவிடும். ஹேமர்டோனில் பெரும்பாலும் சிலிக்கான் கலந்திருக்கும். அதை அடித்த இடத்திலேயே மற்றப் பெயின்டை அடித்தால் மீன்கண் போலக் குழி குழியாக விழும். இரண்டுக்கும் இடத்தையும் ஸ்பிரே கன்னையும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அனோடைஸ் செய்த (மின்வேதி முறையில் ஆக்சைடு படலம் ஏற்றிய) வெள்ளி நிற அலுமினிய முன்தகட்டில் கறை போகவில்லை. காஸ்டிக் சோடா கலந்த அடுப்புத் துலக்கி போடலாமா? (அம்மாப்பேட்டை வாசகர்)

போடக் கூடாது. காரம் அனோடைஸ் படலத்தையும் அடியிலுள்ள அலுமினியத்தையும் கரைத்துவிடும். சோப்பு நீர் போதும். அதில் போகாத கறையை அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் இன்றும் திருவிழாக்களுக்குப் பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபையரை வாடகைக்கு விடுகிறோம். பையன்களுக்குப் புரியும்படி தமிழில் எழுதலாமா? மூலத் தன்மை கெட்டுவிடுமா? (ஓமலூர் வாசகர்)

கண்டிப்பாக எழுதுங்கள். வேலை செய்யும் கருவியை வேலை செய்பவர் படிக்க முடிய வேண்டும். மூல எழுத்தின் மேல் எழுதாமல், மெல்லிய அலுமினியப் பட்டை ஒன்றில் தமிழில் அச்சிட்டு, ஏற்கெனவே உள்ள திருகுகளைக் கொண்டே முன்தகட்டின் கீழ் ஓரத்தில் மாட்டுங்கள். புதுத் துளை போட வேண்டியிராது. வேண்டாதபோது கழற்றியும் விடலாம். பின்பக்கத்தில் ஃபியூஸின் ஆம்பியர் அளவையும், ஸ்பீக்கர் முனைகளில் எது 100 வோல்ட் லைன், எது 8 ஓம் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். பந்தலில் இருட்டிய பிறகு ஒயர் மாட்டும்போது அதிகமாகத் தவறு நடப்பது அங்கேதான். வரிசை எண் பொறித்த தகட்டை மட்டும் பெயின்ட் படாமல் கழற்றி வைத்திருந்து, வேலை முடிந்ததும் அதே ரிவெட் துளைகளில் திரும்ப மாட்டுங்கள்.