அந்தக் கடைசி கேசட்

கேள்வி: 2003இல் வந்த ‘தி லைஃப் ஆஃப் டேவிட் கேல்’ படத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். மரண தண்டனை கூடாது என்று நம்புகிறவள் நான். அப்புறம் விமர்சனங்களைத் தேடினால், அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு நட்சத்திரம்கூடத் தரவில்லை. அவரும் மரண தண்டனையை எதிர்த்தவர்தானாம்! “உனக்குப் படம் பார்க்கத் தெரியலைம்மா” என்கிறான் மகன். நான் ஏமாந்துவிட்டேனா?
- வாசகி ஒருவர்

அன்புள்ள சகோதரிக்கு,

அழுததற்கு வெட்கப்பட வேண்டாம். கார் பழுதாகி நின்றுவிட, டேவிட் கேலின் மரண தண்டனையை நிறுத்துவதற்காக, நிருபராக வரும் கேட் வின்ஸ்லெட் கையில் வீடியோ கேசட்டோடு ஓடும்போது எனக்கும் நெஞ்சு அடைத்தது.

ஈபர்ட்டின் கோபம் முடிவைப் பற்றியது. (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) கடைசி கேசட்டை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள். தலையில் பிளாஸ்டிக் பை, கையில் விலங்கு, தரையில் டேவிட் கேலின் தோழி கான்ஸ்டன்ஸின் உடல். அவளைக் கொன்றதாகத்தான் அவனுக்கு மரண தண்டனை. டேவிட் கேல் பக்கத்தில் வந்து, வேண்டுமென்றே அந்தப் பையில் தன் கைரேகையைப் பதிக்கிறான். நோயாளிப் பெண்ணின் தற்கொலையைக் கொலையாக ஜோடித்தது, மரண தண்டனையை எதிர்த்துப் போராடிய அவர்களேதான். டெக்சாஸ் அரசு நிரபராதியைக் கொல்லும் என்று காட்டுவதற்காக! மரண தண்டனையை ஆதரிப்பவர் இதைப் பார்த்தால், “பொய் ஆதாரம் கொடுத்தது நீங்கள், கோர்ட் என்ன செய்யும்?” என்று கேட்க மாட்டாரா? எதிர்ப்பாளர்களை மோசடிக்காரர்களாகக் காட்டும் இந்தப் படம் தண்டனைக்குத்தான் துணைபோகிறது என்று ஈபர்ட் எழுதினார். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

அவர் எழுதியது சிகாகோவிலிருந்து. அந்த இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1977க்குப் பிறகு 12 பேருக்குத் தண்டனை நிறைவேறியிருந்தது; அதே காலத்தில், சாவுக்குக் காத்திருந்த 13 பேர் தண்டனை ரத்தாகி வீடு திரும்பினார்கள். பன்னிரண்டுக்குப் பதின்மூன்று! ஆளுநர் ஜார்ஜ் ரயன் 2000இல் தண்டனைகளை நிறுத்திவைத்தார். 2003 ஜனவரியில் 160க்கும் மேற்பட்டவர்களின் மரண தண்டனையைக் குறைத்தார். அடுத்த மாதம் இந்தப் படம் வந்தது. நிஜமாகவே மாட்டிக்கொண்டவர்கள் கண்ணெதிரே இருக்கும்போது, தானே போய் மாட்டிக்கொண்டவனின் கதையை அவரால் எப்படித் தாங்கியிருக்க முடியும்?

நீங்கள் அழுதது, காப்பாற்ற முடியாமல் போன ஓர் உயிருக்காக. அதில் எந்த ஏமாற்றும் இல்லை.

ஒன்று செய்யுங்கள். 1995இல் வந்த ‘டெட் மேன் வாக்கிங்’ படத்தை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். ஈபர்ட் நான்குக்கு நான்கு கொடுத்த படம். அதில் கைதி நிரபராதி இல்லை, கொன்றவன்தான். அவனுக்கும் ஒரு கன்னியாஸ்திரி கடைசிவரை துணை நிற்கிறார். பார்த்துவிட்டு மகன் என்ன சொன்னான் என்று எழுதுங்கள்.