பிளாக் ரூபி பார்ப்: புழுவைக் குறையுங்கள், பாசியை விட்டுவையுங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருக்கிறோம். மீன்தொட்டியில் ஆறு பிளாக் ரூபி பார்ப் வளர்க்கிறேன். காலையும் மாலையும் உறைந்த இரத்தப்புழுதான் சாப்பாடு. சிலவற்றுக்கு வயிறு ஊதியிருக்கிறது, செடிகளையும் கடிக்கின்றன, ஆண் மீன்கள் சிவக்கவும் இல்லை. புழுவைக் கூட்டிப் போடலாமா?

பதில்: வேண்டாம், இப்போது போடுவதே அதிகம். சிங்களத்தில் புலத் ஹபயா எனப்படும் இது நம் நாட்டு மீன். களனி கங்கை முதல் நில்வளா கங்கை வரை, மர நிழல் விழும் ஓடைகளில் வாழ்கிறது. அங்கே அதற்கு முக்கிய உணவு இழைப்பாசியும், அடியில் படியும் மக்கிய துகள்களும்தான். புழு பூச்சி அகப்பட்டால் விடாது, ஆனால் அதை நம்பி வாழும் மீன் அல்ல.

இது கெண்டைக் குடும்பத்து மீன்; அந்தக் குடும்பத்து மீன்களுக்கு இரைப்பையே கிடையாது. தாடையிலும் பல் இல்லை. தொண்டைப் பற்களால் அரைத்து நேரே குடலுக்கு அனுப்பும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பதற்கான உடம்பு அது. இரண்டு வேளை புழுவை அள்ளிப்போட்டால் தாங்காது.

முதலில் வயிற்றைக் கவனியுங்கள். முட்டை பிடித்த பெண் மீனுக்கும் வயிறு உருண்டிருக்கும், பயமில்லை. செதில்கள் தூக்கி நின்றால் அது நோய். அந்த மீனை உடனே தனியே விடுங்கள், சாப்பாட்டை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. இரண்டும் இல்லையென்றால் ஒரு நாள் பட்டினி போடுங்கள். மறுநாள் தோல் நீக்கி அவித்த பட்டாணியை நசுக்கிக் கொடுங்கள்.

அப்புறம் ஸ்பைருலினா என்ற பாசித்தூள் கலந்த தீனியைச் சிறு சிட்டிகையாக, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு, நாளுக்கு இரண்டு மூன்று தடவை போடலாம். இடையிடையே வெந்நீரில் வாட்டிய பசளி இலை கொடுங்கள்; மிஞ்சியதை மாலையில் எடுத்துவிட வேண்டும். புழு வாரத்துக்கு இரண்டு தடவை போதும். முன் கண்ணாடியை மட்டும் துடையுங்கள், மற்றப் பக்கத்துப் பாசி அதற்குச் சாப்பாடு. செடி கடிப்பது குறையுமே தவிர நிற்காது. அனுபியாஸ் மாதிரித் தடித்த இலைச் செடி வையுங்கள்.

நுளம்புக் குடம்பியும் நல்ல தீனிதான். அதற்காக பல்கனியில் வாளி வைத்து வளர்க்காதீர்கள்; டெங்கு பயம் ஒருபுறம், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட.

நிறம் சாப்பாட்டால் மட்டும் வருவதல்ல. பெண் மீன் எப்படியும் சிவக்காது. ஆண்கள் இரண்டு மூன்றாவது இருந்து, ஒன்றோடொன்று போட்டி போட்டால்தான் தலை சிவந்து பின்பக்கம் கறுக்கும். கருமணலும் கொஞ்சம் நிழலும் உதவும். 22 முதல் 26 பாகை வெப்பம்தான் அதற்குச் சுகம். ஹீட்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், கொழும்பு வெக்கையே அதற்கு அதிகம்.