உரசிப் பார்த்த இரண்டு மணிகள்

கேள்வி: ராமேஸ்வரத்தில் 108 மணி ஸ்படிக மாலை வாங்கினேன். கடைக்காரர் இருட்டில் இரண்டு மணிகளை உரசி ஒளி எழுவதைக் காட்டினார். வீட்டிலோ எல்லோரும் கண்ணாடி என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, காரைக்குடி

பதில்: உரசினால் ஸ்படிகத்தில் ஒளி எழுவது உண்மைதான் அம்மா. ஆனால் அவர் உரசியது இரண்டு மணிகளை. உங்கள் கழுத்தில் இருப்பவை 108.

திருச்சியில் முப்பது ஆண்டுகளாகக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறேன். ஒருமுறை ஒரு பாட்டி, நாற்பது ஆண்டுகள் ஜபம் செய்த மாலையைக் கொண்டுவந்தார். அசல் ஸ்படிகம். ஆனால் அறுந்த மாலையை யாரோ மறுபடி கோத்தபோது, சிதறிப்போன 11 மணிகளுக்குப் பதில் கண்ணாடியைச் சேர்த்திருந்தார்கள். அதைச் சொன்னதும் பாட்டியின் விரல் அந்த மணிகளை மட்டும் தொடாமல் தாண்டிப் போனதை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஒவ்வொரு மணியையும் பாருங்கள்.

எடையை வைத்துக் கணிக்க வேண்டாம். ஸ்படிகத்தின் அடர்த்தி 2.65, சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 2.5, கைக்கு வேறுபாடு தெரியாது. மாலையையும் ஒரு கோலிக்குண்டையும் ஒரே தட்டில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக உதட்டில் வையுங்கள். ஸ்படிகம் சில்லென்று இருக்கும், சூடேறவும் நேரமாகும். பிறகு பத்து மடங்கு லென்ஸில் உள்ளே பாருங்கள். உருண்டைக் குமிழிகளோ பாகு கரைந்ததுபோன்ற சுழிகளோ தெரிந்தால் கண்ணாடி. ஸ்படிகத்தில் மெல்லிய மூட்டமும் இறகு போன்ற கீற்றும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாத சுத்தமான மணியும் உண்டு, அங்கேதான் குழப்பம்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. லேப்டாப்பின் எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள். திரை கறுக்கும்வரை கூலிங் கிளாஸைச் சுழற்றி அப்படியே பிடித்துக்கொண்டு, இடையில் மணியை வைத்துத் திருப்புங்கள். ஸ்படிகமென்றால் அந்தக் கறுப்பில் மணி மட்டும் ஒளிரும். ஒரு திசையில் வானவில் நிற வளையங்களும் தெரியும். கண்ணாடி இருண்டே கிடக்கும், மிஞ்சினால் நிழல்போல ஏதோ நெளியும்.

வீட்டில் நெல்லிக்காய் அளவு ஸ்படிக உருண்டை இருந்தால் இன்னும் எளிது. வெள்ளைத் தாளில் ஒரு தலைமுடியை வைத்து, அதன்மேல் உருண்டையை மெல்ல உருட்டிப் பாருங்கள். ஸ்படிகத்தில் ஒரு முடி இரண்டாகப் பிரிந்து தெரியும். சின்ன மணியில் இது எடுபடாது.

ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஸ்படிகமும் சந்தையில் உண்டு. மேலே சொன்ன சோதனைகளில் அது பூமியில் விளைந்ததைப் போலவேதான் நடந்துகொள்ளும். அதைப் பிரித்தறிய ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். ஊசியால் மட்டும் கீறிப் பார்க்காதீர்கள், தழும்பு போகாது.

கேள்வி: சந்திரகாந்தக் கல் என்று வாங்கிய தோட்டில் நீல ஒளி தெரிகிறது. அசலா?
– வாசகர், திருப்பூர்

பதில்: கறுப்புத் துணிமேல் நீலமாகவும், ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால் ஆரஞ்சாகவும் தெரிந்தால் அது பால் கண்ணாடி. அசல் கல்லைச் சாய்க்கச் சாய்க்க, ஒளி ஒரு திரைபோல மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நகரும். இலங்கை மீட்டியாகொடையில் கிடைப்பது போன்ற நல்ல கல்லில், லென்ஸில் பார்த்தால் பூரான் ஊர்வதுபோல் கால்கள் வைத்த நுண்ணிய விரிசல்கள் தெரிவதுண்டு. தெரிந்தால், குறை என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.