அன்னமும் புறாவும்

ஐயா, வணக்கம். 2022-ல் டென்னிஸ் வீரர் ஃபெடரர் லண்டனில் நடாலோடு சேர்ந்து ஆடிய கடைசி ஆட்டத்தை ‘ஸ்வான் சாங்’, அதாவது அன்னத்தின் கடைசிப் பாட்டு, என்று எழுதினார்கள். உங்கள் புது நாவலையும் ஒரு நண்பர் அப்படித்தான் சொன்னார். அன்னம் சாகும் முன் பாடும் என்பது உண்மையா? பாலையும் நீரையும் பிரிக்கும் நம் அன்னம்தானா இது?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாலும் நீரும் வேறு கதை, விட்டுவிடுங்கள். ஃபெடரரையும் ஒப்புக்கொள்கிறேன், அவரே அறிவித்துவிட்டு ஆடினார், தோற்றார், சரி. ஆனால் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், நான் இன்னும் சாகவில்லை.

அன்னம் சாகும் முன் பாடும் என்பது கிரேக்கர்களின் நம்பிக்கை. கி.மு. 458-ல் அரங்கேறிய ஐஸ்கிலஸின் நாடகத்திலேயே, கசாண்டிரா என்ற பெண்ணைக் கொன்றவள், ‘இவள் அன்னம்போலக் கடைசிப் புலம்பலைப் பாடிவிட்டுக் கிடக்கிறாள்’ என்கிறாள். இது பொய் என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவிட்டார். ஐரோப்பாவில் ஹூப்பர் அன்னம் என்று ஒன்று உண்டு, மூச்சுக்குழல் மார்பெலும்புக்குள் புகுந்து வளைந்து வரும், எக்காளம்போல் கத்தும். ஆனால் சாகும் நாளுக்காகக் காத்திருக்காது, உயிரோடு இருக்கும்போதே கத்தும். சாக்ரடீஸ் நஞ்சு குடிக்கும் நாளில் பேசியதாக பிளேட்டோ எழுதியிருப்பதைப் படியுங்கள்: பசியிலும் குளிரிலும் வலியிலும் எந்தப் பறவையும் பாடாது, அன்னம் மகிழ்ச்சியில்தான் பாடுகிறது, சாவுக்குப் பயந்த மனிதர்கள்தான் அதை அழுகை என்கிறார்கள். இவ்வளவு தெளிவாக ஒருவர் சொன்ன பிறகும் நமக்கு ஒப்பாரிதான் பிடிக்கிறது!

என் கோபத்துக்குக் காரணம் உண்டு. போன மாதம்தான் பதிப்பகத்திலிருந்து ஒருவர், பின்னட்டையில் ‘இறுதி நாவல்’ என்று போட்டால் நன்றாகப் போகும் என்றார். எனக்கு உடனே இசையமைப்பாளர் ஷூபர்ட் ஞாபகம் வந்தார். 1828 அக்டோபர் தொடக்கத்தில், ஜெர்மன் கவிஞர் ஹைனேயின் கவிதைகளுக்கு மெட்டமைத்திருக்கிறேன், வேண்டுமா என்று ஒரு பதிப்பாளருக்குக் கடிதம் போடுகிறார். நவம்பர் 4-ம் தேதி, அத்தனை பாட்டு எழுதிய மனிதர், வியன்னாவில் சிமோன் செஹ்டர் என்ற இசை ஆசிரியரிடம் எதிர்சுர இலக்கணம் (பல மெட்டுகளை ஒன்றாக இணைக்கும் கலை) கற்க மாணவராகப் போய் உட்காருகிறார். 19-ம் தேதி இறந்துவிட்டார், வயது 31. படுக்கையில் கிடந்தபோதும் வேறொரு பாடல் தொகுதிக்குப் பிழைதிருத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பாட்டைப் பாடி முடித்த ஆள் செய்கிற வேலையா இதெல்லாம்? அண்ணன் ஃபெர்டினாண்ட் கைக்கு வந்த தாள்களை ஹாஸ்லிங்கர் என்ற பதிப்பாளர் வாங்கி, பதினான்கு பாட்டுகளைக் கட்டி, 1829-ல் ‘அன்னப் பாடல்’ என்று அட்டை போட்டார். கடைக்காரர் வைத்த பேர், ஐயா! ஷூபர்ட்டுக்கு அதில் பங்கே கிடையாது. சோகம் விற்கும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

அந்தத் தொகுப்பின் கடைசிப் பாட்டு, அவர் எழுதியதிலும் கடைசி என்று பொதுவாகச் சொல்லப்படுவது, தூதுப்புறாவைப் பற்றியது. அன்னம் இல்லை, புறா! ஒருவன் தன்னிடம் ஒரு புறா இருக்கிறது, காதலியிடம் தினமும் அனுப்புகிறேன், அதன் பெயர் ஏக்கம் என்று துள்ளலாகப் பாடிக்கொண்டு போகிறான். சின்னப் பாட்டுதான். உங்கள் நண்பரைக் கேட்கச் சொல்லுங்கள், எந்த இடத்தில் சாவு தெரிகிறது என்று எனக்கு எழுதட்டும்.