நாயின் தாடை வீக்கம்: எக்ஸ்ரேயில் தெரியாதது எது?

கேள்வி: எங்கள் ஸ்பிட்ஸ் நாய்க்கு 11 வயது. இடது கீழ்த்தாடை வீங்கியிருக்கிறது. வாய் நாற்றம், எச்சிலில் ரத்தம். ஆன்டிபயாடிக் கொடுத்தால் வடிகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். சி.டி. ஸ்கேன் வீண்செலவா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: வீண்செலவல்ல. ஆனால் ஸ்கேன் மட்டும் போதாது.

எலும்பின் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் அரிப்பு தெரியும். பக்கவாட்டில் எடுத்த படம் என்றால் இரண்டு தாடைகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து உள்ளதையும் மறைத்துவிடும். மயக்க மருந்து கொடுத்து, வாய்க்குள் சென்சார் வைத்துப் பல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வலப்பக்கத்தையும் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். எலும்புக்குள் கிருமித் தொற்று இருக்கிறதா என்று அறிய, வேர் நுனியைச் சுற்றிக் கருவளையம், பூச்சி அரித்ததுபோன்ற எலும்பு, தனியே கழன்று கிடக்கும் செத்த எலும்புத் துண்டு ஆகியவற்றைத் தேடுவோம். அந்தத் துண்டு உள்ளே இருக்கும்வரை எந்த மாத்திரையும் நிலைக்காது. ரத்த ஓட்டம் இல்லாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? உங்கள் நாய்க்குத் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். சி.டி.யில் இதன் எல்லை துல்லியமாகத் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், இந்த வயதில் வாய்ப் புற்றும் படத்தில் இதே மாதிரிதான் இருக்கும். மேலே சீழ் பிடித்த கட்டி ஆன்டிபயாடிக்குக் கொஞ்சம் வடிந்தும் காட்டும். அதனால் அதே மயக்கத்திலேயே ஆழத்திலிருந்து எலும்புத் துணுக்கு எடுத்து, ஒரு பகுதியை பயாப்ஸிக்கும் (புற்றா என்று பார்க்கும் திசுப் பரிசோதனை) ஒரு பகுதியை கல்ச்சருக்கும் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்ப்பது) அனுப்பச் சொல்லுங்கள். மேலே வடியும் சீழைத் தொட்டு அனுப்பினால் வாயில் வழக்கமாக இருக்கும் கிருமிகள்தான் வளரும். கல்ச்சருக்கு முன் ஆன்டிபயாடிக்கை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். முடிவு வருமுன் இன்னொரு கோர்ஸ் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

மயக்கத்துக்கு முன் ரத்த அணுக்கள், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு), கல்லீரல் பரிசோதனை அவசியம். நாள்பட்ட சிறுநீரக நோயிலும் தாடை எலும்பு மெலிந்து ரப்பர்போல வளையும். கிரியேட்டினின் கூடியிருந்தால் சி.டி. படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசியையும் யோசித்தே போட வேண்டும். புற்று சந்தேகம் வலுத்தால் நெஞ்சு எக்ஸ்ரேயும் சேரும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். ஸ்கேன் நாளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டுகளோடு போங்கள்.

அதுவரை குழைந்த சோறும் வேகவைத்த கோழியும் போதும். எலும்பு, கயிறு இழுக்கும் விளையாட்டு வேண்டாம். சிறிய நாய்களில் கீழ்க் கடைவாய்ப்பல்லின் வேர் தாடையின் ஆழம் முழுவதையும் ஏறக்குறைய அடைத்திருக்கும். அங்கே எலும்பு அரித்தால் கடிக்கும்போதே முறியும். வலிக்குப் பாராசிட்டமாலோ ஐப்யூபுரூஃபனோ வீட்டிலிருந்து கொடுக்காதீர்கள். தாடை திடீரென்று தொங்கினாலோ வாய் மூட முடியாமல் போனாலோ அன்றைக்கே காட்டுங்கள்.