கடலோரத்து ராலிக்குப் புதுப் பெயின்ட் வேண்டாம்

கேள்வி: உச்சிப்புளியில் இருக்கிறோம். என் தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தவர். அங்கே வாங்கி, இலங்கைக் கப்பலோடு இணைந்து ஓடிய போட் மெயில் ரயிலில் ஊருக்குக் கொண்டுவந்த ராலி சைக்கிள் ஒன்று எங்கள் மாட்டுக் கொட்டகையில் பல வருஷமாகக் கிடக்கிறது. கம்பி பிரேக், தோல் சீட்டு, மூன்று கியர். கறுப்புப் பெயின்ட் மங்கி அங்கங்கே துரு பிடித்திருக்கிறது. பெடல் சுற்றவில்லை. 1948-இல் வாங்கியது என்கிறார் அப்பா. பின்சக்கர ஹப்பில் 'ஏ.டபிள்யூ' என்ற எழுத்தும் '54' என்ற எண்ணும் தெரிகின்றன. ஒரு பட்டறைக்காரர், மணலடித்து மொத்தமாகச் சுரண்டி பவுடர் கோட்டிங் போடலாம் என்கிறார். இன்னொருவர் எடைக்குப் போடச் சொல்கிறார். எனக்கு இதை ஓட்டிக்கொண்டு தனுஷ்கோடிக் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை போக வேண்டும் என்று ஆசை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: எடைக்குப் போடாதீர்கள். மணலடிக்கவும் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இந்த வண்டி மறுபடி ஓட நல்ல வாய்ப்பு இருக்கிறது. கையில் இருக்கும் பணத்தை பால்ரஸ், சக்கரம், பிரேக் இந்த மூன்றில் போடுங்கள். பழைய பெயின்ட் அப்படியே இருக்கட்டும்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஹப் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியுடையது. ஏ.டபிள்யூ என்ற மூன்று கியர் ஹப் 1936-இல் வந்தது. கூட்டின் மேல் அடித்திருக்கும் எண் அந்த ஹப் தயாரான வருஷம். ஆக உங்கள் ஹப் 1954-இல் செய்தது. அப்பா சொல்வது தவறு என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. வண்டி 1948-ஆக இருந்து, பின்சக்கரத்தை மட்டும் பிறகு மாற்றியிருக்கலாம். சீட்டுக் குழாயின் மேல்முனையில், சீட்டு போல்ட்டுக்குப் பக்கத்தில் பிரேம் எண் இருக்கிறதா பாருங்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் தெரியும். குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயில் பாதை அழியும் வரை போட் மெயில் பயணிகள் அந்த வழியாகத்தான் வந்தார்கள். அதற்குப் பிறகும் ராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது, அதனால் போட் மெயிலில் வந்தது என்பதை மட்டும் வைத்து வருஷத்தை உறுதியாகச் சொல்ல முடியாது.

இப்போது பெயின்ட். ராலி பிரேமின் கறுப்பு, அடுப்பில் சூடேற்றி இறுக்கிய எனாமல். உங்கள் ஊர்க் காற்றில் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்திருக்கிறது. மணலடித்தால் அது போகும், கூடவே தங்கக் கோடுகளும், தலைக் குழாயிலும் சீட்டுக் குழாயிலும் இருக்கும் முத்திரை எழுத்துகளும் போகும். திரும்பக் கிடைக்காது. பவுடர் கோட்டிங் கெட்ட சரக்கு என்று சொல்லவில்லை. இரும்பைப் பாஸ்பேட் குளியலில் போட்டு, துத்தநாக பிரைமர் அடித்து, அதன்மேல் போட்டால் நன்றாக உழைக்கும். ஆனால் கிரில் கேட்டுக்கு அடிப்பதுபோல வெறும் இரும்பின் மேலேயே அடித்துக் கொடுப்பதுதான் அதிகம் நடக்கிறது. அப்படி அடித்த வண்டியில் ஒரு கல் தெறித்து மிளகளவு பெயர்ந்தால் போதும், உப்பு ஈரம் அந்த வழியாக உள்ளே போய்ப் படலத்துக்கு அடியிலேயே பரவும். மேலே பளபளவென்று இருக்கும். ஒருநாள் நகத்தால் நெருடினால் தோல் மாதிரி உரிந்து வரும், அடியில் செம்மண் நிறத்தில் துரு. பழைய எனாமலில் துரு எங்கே இருக்கிறதோ அங்கேயே கண்ணுக்குத் தெரியும், உடனே கவனித்துக்கொள்ளலாம்.

கடலோரத்தில் துரு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதுகாப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. காற்றில் வரும் உப்புத் தூள் இரும்பின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே கசியும். நம் கரையில் ராத்திரி ஈரப்பதம் பெரும்பாலும் 75-க்கு மேல்தான். அதாவது மழையே பெய்யாவிட்டாலும், கூரைக்கு அடியில் நிற்கிற வண்டி தினமும் உப்புத் தண்ணீரில் நனைகிறது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2025-இல் திறந்த புதுப் பாலத்துக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், வெளியே பாலிசிலாக்ஸேன் என்ற விசேஷப் பூச்சும் வைத்திருக்கிறார்கள். உங்கள் கொட்டகைக்கு வருவதும் அதே காற்றுதான்.

அதனால் எண்ணெய் பூசுவதற்கு முன் உப்பைக் கழுவியாக வேண்டும். உப்பின் மேல் எண்ணெய் போட்டால் உப்பை உள்ளே வைத்து மூடியதாகத்தான் ஆகும். எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்பது இன்னும் முக்கியம். நம் பக்கம் பல வீடுகளில் போர்த் தண்ணீர் உவர்ப்பு. அதில் கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவதே மேல். மழைத் தண்ணீரோ, குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ அரை வாளி போதும். நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, வெயிலில் சற்று நேரம் வைத்து, அப்புறம் எண்ணெய். வண்டியை இன்றைக்கே மாட்டுக் கொட்டகையிலிருந்து எடுத்துவிடுங்கள். மாட்டு மூத்திர ஈரம் உப்போடு சேர்ந்தால் ரிம்மும் ஸ்போக்ஸும் இரட்டை வேகத்தில் போகும்.

சரி, வேலைக்கு வருவோம். சக்கரங்களைக் கழற்றி, பிரேமைத் தலைகீழாக வைத்துத் தட்டுங்கள். உள்ளிருந்து மணலும் துருச் செதிலும் கொட்டினால் பயப்பட வேண்டாம், கொட்டட்டும். பிறகு ஒரு நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டிக் கேளுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். பெடல் அச்சுக் கூட்டுக்கு அடிப்பக்கம், அதிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு குழாய்களின் தொடக்கம், முன் போர்க்கின் தலைப்பகுதி ஆகிய மூன்று இடங்களையும் திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். எங்காவது உள்ளே இறங்கினால் அந்த வண்டியை ஓட்டக் கூடாது; துடைத்துத் திண்ணையில் அழகுக்கு வைக்கலாம், அவ்வளவுதான். முக்கியமாகப் போர்க் விஷயத்தில் சமரசமே வேண்டாம். இறங்கவில்லை என்றால் தைரியமாக மேலே போகலாம்.

பெடல் சுற்றாததற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே இறுகிய கிரீஸும் துருவும். பிரிக்க வேண்டுமானால் கிராங்கை, அதாவது பெடல் மாட்டிய கையை, அச்சோடு இறுக்கும் ஆப்பான காட்டர் பின்னைக் கழற்றியாக வேண்டும், பழைய வண்டிகள் வீணாவது இந்த இடத்தில்தான். டீசலோ துரு இளக்கும் ஸ்பிரேயோ விட்டு இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். நட்டை முழுவதும் கழற்றாமல், பின்னின் முனையோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்துங்கள். கிராங்குக்கு அடியில், பின் இறங்க இடம்விட்டு, ஒரு தடித்த இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுங்கள். பிறகு கனமான சுத்தியலால் நேராக ஒரே அடி. முட்டுக் கொடுக்காமல் டொக் டொக்கென்று நூறு தட்டுத் தட்டினால் பின்னின் தலை நசுங்கும், அச்சின் பால்ரஸ் ஓடும் பாதையும் குழிவிழும். வந்த பின்னைத் திரும்பப் போட வேண்டாம். புதுப் பின் மலிவு. சரிவான பக்கத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, பழையது உட்கார்ந்த ஆழத்துக்கே உட்கார வைக்க வேண்டும். இரண்டு பக்கப் பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போனால்தான் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்.

பெடல் அச்சுக் கூட்டின் இரு பக்கமும் பால்ரஸைத் தாங்கும் கப் இரண்டையும் எக்காரணம் கொண்டும் தொலைத்துவிடாதீர்கள். ராலியின் மரை அங்குலத்துக்கு 26. மற்றப் பல கம்பெனிகள் வைத்த மரை 24. கடையில் கிடைக்கும் 24 மரைக் கப்பை முறுக்கி ஏற்றினால் முதல் இரண்டு சுற்று போவதுபோலத் தெரியும், பிறகு பிரேமின் மரையையே அறுத்துவிடும். பழைய கப்பைச் சுத்தம் செய்து, பால்ரஸை மட்டும் புதிதாகப் போடுங்கள்: பக்கத்துக்கு 11, கால் அங்குலக் குண்டு. முன்சக்கரத்துக்கு 3/16 அங்குலம், பக்கத்துக்கு 10. பழையதும் புதியதும் கலக்கக் கூடாது. கிரீஸைத் தாராளமாக அப்புங்கள். கடலோரத்தில் கிரீஸ்தான் உள்ளே வரும் ஈரத்துக்குத் தடுப்பு. மூன்று கியர் ஹப்புக்கு மட்டும் உள்ளே கிரீஸ் அடைக்க வேண்டாம். கூட்டில் சின்ன மூடி போட்ட துவாரம் இருக்கும், அதில் மாதம் சில சொட்டு மெல்லிய மெஷின் எண்ணெய் போதும். பிரிக்காமலே பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

ரிம்மைத்தான் இரக்கமில்லாமல் பார்க்க வேண்டும். கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்பக்கத்தை அழுத்துகின்றன. ஸ்போக்ஸ் மாட்டும் நிப்பிள் துளைகளைச் சுற்றி வெடிப்போ, டயர் உட்காரும் மடிப்பில் செதில் செதிலாகத் துருவோ இருந்தால் மாற்றிவிடுங்கள். 28 அங்குலம், ஒன்றரை அங்குல டயர் அளவு இன்றும் நம் சாதாரணச் சைக்கிள் அளவுதான், அதனால் டயர், டியூபுக்கு அலைய வேண்டாம். ரிம் வாங்கும்போது மட்டும் முன்னால் 32, பின்னால் 40 துளை என்று எண்ணி வாங்குங்கள். குரோம் பூச்சில் மேலோட்டமான துருப் புள்ளிகளுக்கு உப்புத்தாள் போடக் கூடாது. அலுமினியத் தாளை நனைத்துக் கசக்கி மெதுவாகத் தேய்த்தாலே வந்துவிடும்.

பெயின்ட்டில் தின்னர், பெட்ரோல் இரண்டுமே படக் கூடாது, எழுத்து கரைந்து போகும். மண்ணெண்ணெய்த் துணியால் அழுக்கை எடுத்து, துரு உள்ள இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு தொடு, கறுப்பு எனாமல் ஒரு தொடு. மேலே மெழுகு பாலிஷ். பிரேமுக்குள் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, எல்லாப் பக்கமும் உருட்டி வடித்துவிடுங்கள். காய்ந்ததும் உள்சுவரில் ஒரு படலமாக நிற்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே தீப்பற்றும், விரித்துக் காயப்போடுங்கள். தோல் சீட்டுக்குத் தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ ஊற வைத்தால் தோல் தொய்ந்துவிடும். தோலுக்கான மெழுகு மெல்லிசாகப் பூசினால் போதும்.

ஓட்டுவதற்கு வருகிறேன். கியர் ஒயரை முதலில் சரிபாருங்கள்: இரண்டாவது கியரில், பின்சக்கரத்தின் வலப்பக்க நட்டின் ஓட்டை வழியே பார்த்தால், சின்னச் சங்கிலி பூட்டிய கம்பியின் தோள் அச்சு முனையோடு சமமாக நிற்க வேண்டும். ஒயர் தளர்ந்திருந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பெடல் சட்டென்று வெறுமையாகச் சுற்றும். எழுந்து நின்று மிதிக்கும் நேரத்தில் அப்படி ஆனால் விழுந்துவிடுவீர்கள்.

முதல் ஓட்டம் அரியமான் கடற்கரை வரை. திரும்பி வந்து காட்டர் பின்னைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி நட்டை மறுபடி இறுக்குங்கள். அடுத்தது மண்டபம். உச்சிப்புளியிலிருந்து அரிச்சல்முனைக்கு ஒரு வழிக்கே 50 கிலோமீட்டருக்கு மேல், வண்டியோ சுமார் 20 கிலோ. அதனால் முதல் தடவை ராமேசுவரம் வரை குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து விடிகாலையில் கிளம்புவது நல்லது. மாசி, பங்குனி தோதான மாதங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று பக்கவாட்டில் அடித்து மணலை ரோட்டில் கொண்டுவந்து குவிக்கும், மெல்லிய டயர் அதில் சறுக்கும். கம்பி பிரேக் நின்று பிடிக்க நேரம் எடுக்கும். ரிம் நனைந்திருந்தால் இன்னும் மோசம். முன்னால் போகும் சுற்றுலா வேனுக்கு நல்ல இடைவெளி விடுங்கள். கருவேல முள்ளுக்காக பஞ்சர் சாமான், பம்பு, இரண்டு துண்டு வால்வு டியூப், ஒரு ஸ்பேனர், இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஓட்டிப் பார்க்க ஆசை வந்தால், காற்று ஹேண்டில்பாரை இழுக்கிற நாளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.